வாசகர் கடிதம்: சைக்கிள்ல எதை மாத்தலாம்?

அன்புள்ள சார்,

என்கிட்ட இருக்கறது சாதாரண ஹைப்ரிட் சைக்கிள், 13 கிலோ, வாங்கும்போது வந்த அதே 35 எம்எம் டயர். தினமும் ஆபீஸ், ஞாயித்துக்கிழமை திருவான்மியூர்ல கிளம்பி ஈசிஆர்ல மகாபலிபுரம் பக்கம். ஐயாயிரம் ரூபா சேத்து வச்சிருக்கேன். கூட ஓட்டற பசங்க ஹேண்டில்பார், சீட் போஸ்ட்டை வெயிட் கம்மியானதா மாத்தி வெயிட்டை குறைன்னு சொல்றாங்க. செய்யலாமா?

கே.

அன்புள்ள கே.,

வேணாம். டயரை மாத்துங்க, கூடவே மீட்டர் வச்ச ஃப்ளோர் பம்ப் ஒண்ணு வாங்கிடுங்க.

நீங்க 70 கிலோன்னு வச்சுக்கிட்டா சைக்கிளோட சேத்து 83. அதுல 300 கிராம் குறைச்சா அரை சதவீதம் கூட வரல, ஈசிஆர் மாதிரி மேடே இல்லாத ரோட்டுல அது காலுக்கு தெரியவே தெரியாது.

டயர் அப்படி இல்ல. உங்க வெயிட்டுக்கு ரோட்டை தொடற இடத்துல டயர் நசுங்கி, அந்த இடம் தாண்டினதும் திரும்ப நிமிருது, இப்படி மடங்கி நிமிரும்போதெல்லாம் நீங்க மிதிச்சதுல கொஞ்சம் சூடாகி வீணா போகுது, உங்க சைஸ் வீல் ஒரு கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 460 தடவை சுத்துதுன்னா யோசிச்சு பாருங்க. கம்மி விலை சைக்கிளோட வர்ற டயர் பெரும்பாலும் தடிமனா, விறைப்பா இருக்கும், வீணாறதும் அதிகம். மெல்லிசா வளைஞ்சு கொடுக்கற நல்ல டயர் போட்டா முதல் நாளே வித்தியாசம் தெரியும், வண்டி தானா உருளும்!

அடுத்தது காத்து. கல்லு மாதிரி அடிச்சாதான் வேகம்னு நிறைய பேர் நம்பறாங்க. வழவழப்பான ரோட்டுல ஓரளவு சரி, ஆனா நம்ம தெருவுல வண்டி ஒவ்வொரு சின்ன பள்ளத்துக்கும் எகிறி, உங்க உடம்பு குலுங்கியே சக்தி போயிடும். டன்லப் 1888ல பேட்டன்ட் வாங்கின காத்தடைச்ச டயரே அவர் பையனோட மூணு சக்கர வண்டி குலுங்காம ஓடணும்னு செஞ்சதுதான். அகலமான டயர்ல காத்து கம்மியா வச்சு ஓட்டலாம்னு ரேஸ் ஓட்டறவங்களே 23 எம்எம்ல இருந்து 28க்கும் அதுக்கு மேலயும் போயிட்டாங்க. டயர் சைடுல போட்டிருக்கற மேக்ஸிமம் பிஎஸ்ஐ, அதாவது காத்தோட அழுத்தம், எல்லை மட்டும்தான், அவ்வளவு அடிக்கணும்னு அர்த்தம் இல்ல. நீங்க 55ல ஆரம்பிங்க, பின் வீலுக்கு ஒரு அஞ்சு கூட. ட்யூப்ல காத்து தானா இறங்கிக்கிட்டே இருக்கும், அதனால வாரம் ஒரு தடவை பாக்கணும், பஞ்சர் கடை காத்தை நம்பினா இந்த அளவெல்லாம் நடக்காது, பம்ப் வாங்க சொன்னது அதுக்குத்தான்.

தினமும் ஆபீஸ் போறீங்க, ஆணி கண்ணாடியெல்லாம் கிடக்கும், அதனால உள்ள பஞ்சர் தடுக்கற லேயர் இருக்கற டயரா பாருங்க. ரொம்ப தடியான லேயர் வேணாம், மறுபடி பழைய விறைப்புதான் வரும்.

ஒண்ணே ஒண்ணு, பிரேக் கட்டை தேஞ்சிருந்தா முதல் காசு அதுக்குத்தான், இதுல பேச்சே கிடையாது.

கடைக்கு போறதுக்கு முன்னாடி பழைய டயர் சைடுல 35-622ன்னு இருக்கான்னு பாருங்க. 35 டயரோட அகலம், 622 டயர் உக்கார்ற ரிம்மோட விட்டம், ரெண்டும் எம்எம்ல. 622 மாறவே கூடாது, மாறினா ரிம்முல உக்காராது. 35க்கு பதிலா 38 போடணும்னா முன் வீலை பிடிச்சிருக்கற ஃபோர்க்குலயும் பின்னாடி ஃபிரேம்லயும் ரெண்டு பக்கமும் இடம் இருக்கான்னு விரல் விட்டு பாத்துட்டு வாங்குங்க.