வாங்குவோர் கேள்வி-பதில்: கல்லடி பட்ட கண்ணாடிகள்

மூன்று வாரம் முன்பு, வைப்பர் பிளேடு மாற்ற மெக்கானிக்கிடம் போகாதீர்கள், ஐந்து நிமிட வேலை, நீங்களே மாற்றலாம் என்று எழுதியிருந்தேன். வைப்பர் துடைக்கிற கண்ணாடியையும் அப்படியே மாற்றிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது. இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் அதுதான். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கிருஷ்ணகிரி ரோட்டில் முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்து, முன் கண்ணாடி குறுக்கே விரிந்துவிட்டது. 2017 மாடல் ஹேட்ச்பேக். கடையில் எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய் கேட்கிறார்கள். ஆன்லைனில் கண்ணாடி 4,900, சீலன்ட் ட்யூப் 750. ஞாயிற்றுக்கிழமை மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே போடலாமா? – ஓசூர் வாசகர்

வேண்டாம்.

இன்றைய கார்களில் முன் கண்ணாடி ஸ்க்ரூவில் நிற்பதில்லை, பாலியூரித்தேன் பசையில் நிற்கிறது. புதுக் கண்ணாடியை வைப்பது கடைசிக் கால் மணி நேர வேலை. அதற்கு முன்னால் பழையதை எடுக்க வேண்டுமே! கடையில் எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு தடவை நின்று பாருங்கள். வைப்பர் கை, அதன் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டு, ஓர மோல்டிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பசையில் ஓட்டை போட்டு மெல்லிய முறுக்குக் கம்பியை நுழைப்பார்கள். ஒருவர் காருக்குள், ஒருவர் வெளியே. ரம்பம் இழுப்பதுபோல மாறி மாறி இழுத்துச் சுற்றிலும் அறுத்து வருவார்கள். கம்பி கொஞ்சம் சாய்ந்தால் டேஷ்போர்டில் வெட்டு விழும். இல்லாவிட்டால் சட்டத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரியும். அந்த இடத்தில் பிரைமர் தடவாமல் பசையைப் போட்டால் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். துருவின் மேல் பசை பிடிக்காது. இது இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் தெரியவரும்.

அப்புறம், பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிடக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் விட்டு மட்டமாகச் சீவ வேண்டும். புதுப் பசையை முக்கோண வடிவில், கை நிற்காமல் ஒரே ஓட்டமாகச் சுற்றி இழுக்க வேண்டும். கை எங்கே தயங்கியதோ அங்கே ஒழுகும். கடைசியில் கண்ணாடியை உறிஞ்சுகப்பில் தூக்கி, ஒரே தடவையில் சரியான இடத்தில் இறக்க வேண்டும். வைத்த பிறகு இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று நகர்த்துவதெல்லாம் கிடையாது. முதல் தடவை செய்கிறவருக்கு இது கைகூடும் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, முன் கண்ணாடியில் மோதித்தான் ஆள் பக்கம் திரும்பும். பசை விட்டுக்கொடுத்தால் கண்ணாடியோடு ஏர்பேக்கும் வெளியே போகும். அந்த சீட்டில் உட்காருவது பெரும்பாலும் உங்கள் மச்சானின் அக்காதானே?

நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் மூவாயிரத்தைக் கடையில் பேசிக் குறைக்கப் பாருங்கள். வேறு இரண்டு கடையிலும் விலை கேளுங்கள். கொடுக்கிற கண்ணாடியின் மூலையில் தயாரிப்பாளர் பெயரும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எழுத்தே இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

அப்பா ஓட்டிய அம்பாசடர் வீட்டில் நிற்கிறது. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்து ஒழுகுகிறது. இதையாவது நானே மாற்றலாமா? – காரைக்குடி வாசகர்

தாராளமாக! பீடிங் கண்ணாடிக்கும் பசையில் ஒட்டும் பேஸ்டிங் கண்ணாடிக்கும் அதுதான் வித்தியாசம். இங்கே கண்ணாடியைப் பிடித்து நிற்பது ரப்பர்.

பழைய பீடிங்கை அறுத்து எறியுங்கள், காப்பாற்ற நினைக்காதீர்கள். சட்டத்தில் துரு இருந்தால் சுரண்டிப் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். புது பீடிங்கைக் கண்ணாடியின் மேல் சுற்றி மாட்டி, சட்டத்தில் உட்காரும் பள்ளத்துக்குள் நைலான் கயிற்றை முழுச் சுற்றும் பதியுங்கள். இரண்டு முனையும் கீழ் நடுவில், காருக்குள் தொங்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்துங்கள். வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளேயிருப்பவர் கயிற்றை மெதுவாக இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். பார்க்கவே அழகாக இருக்கும். முஷ்டியால் குத்தாதீர்கள், கையுறை போடுங்கள். அவசரப்பட்டால் மூலையில்தான் உடையும்.

புதுக் கண்ணாடி போட்டதும் பழையதில் இருந்த ஃபாஸ்டேக்கை பிளேடால் உரித்துப் புதியதில் ஃபெவிக்கால் வைத்து ஒட்டினேன். டோலில் படிக்கவில்லை. டேக் கம்பெனி ஏமாற்றுகிறதா? – கோவை வாசகர்

உரித்தால் செயலிழக்கும்படிதான் அந்த டேக்கைச் செய்திருக்கிறார்கள். வங்கியில் மாற்று டேக் கேளுங்கள், பிளேடைக் கீழே வையுங்கள்.

ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நட்சத்திரம்போல விரிசல் விட்டிருக்கிறது. முழுக் கண்ணாடியும் மாற்ற வேண்டுமா? ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ரெசின் கிட் இருக்கிறதே? – தஞ்சாவூர் வாசகர்

அந்த கிட்டை நான் வாங்கியிருக்கிறேன். என் அலமாரியில் இருக்கும் வெட்கங்களில் அதுவும் ஒன்று. சித்திரை மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு, மொட்டை வெயிலில் காரை நிறுத்திக்கொண்டு செய்தேன். அந்த ரெசின் புற ஊதாக் கதிரில் இறுகுவது. விரிசலின் கால்களுக்குள் போய்ச் சேரும் முன்பே வாயில் இறுகிவிட்டது. சரி, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம் என்று ரெசினை உள்ளே தள்ளும் ஸ்க்ரூவை ஒரு திருகு திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். காசு அளவு இருந்தது கண் முன்னாலேயே ஓரம் வரை ஓடியது. மறுநாள் முழுக் கண்ணாடிக்குப் பணம் கட்டினேன்.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். உங்கள் விரிசல் வெளிக் கண்ணாடியில் மட்டும் இருந்து, ஓரத்தைத் தொடாமல், ஓட்டுநர் நேர் பார்வையிலும் இல்லாமல் இருந்தால், கடையில் காற்றை உறிஞ்சி ரெசின் ஏற்றிச் சரி செய்வார்கள். தழும்பு தெரியும், ஆனால் ஓடாது. இன்றைக்கே அதன் மேல் சாதாரண ஒட்டு டேப் ஒன்றை ஒட்டி வையுங்கள். தூசியும் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. வெயிலில் கொதித்து நிற்கும் காரில் ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடியை நோக்கித் திருப்பாதீர்கள்.

கண்ணாடி மாற்றி ஒரு மணி நேரத்தில் 'எடுத்துட்டுப் போங்க சார்' என்றார்கள். 7,200 ரூபாய், ஜிபே-யில் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி தனி என்றார்கள், விட்டுவிட்டேன். அடுத்த வாரம் மழையில் கால் வைக்கும் இடம் குளமாகிவிட்டது. கேட்டால், 'கண்ணாடிக்கு கேரண்டி இல்லை' என்கிறார்கள். வாடகைக்கு ஓட்டும் வண்டி, இரண்டு நாள் சவாரி போய்விட்டது. – திருப்பூர் வாசகர்

உங்கள் கடிதத்தை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தேன். பில் வாங்காததற்கு உங்களைத் திட்ட மனம் வரவில்லை. காலையில் சவாரிக்குப் போக வேண்டியவருக்கு ஜிஎஸ்டியைக் காட்டிப் பயமுறுத்துவது ஒரு தந்திரம்.

இந்தத் தொழிலில் எனக்கு நெடுநாள் ஆத்திரம் ஒன்று உண்டு, கொட்டிவிடுகிறேன். எந்தக் கடையிலும் கண்ணாடியின் பெயரைக் கூவிச் சொல்வார்கள். ஒரிஜினல் கம்பெனி சார், இது டூப்ளிகேட் சார் என்று இரண்டையும் தட்டிக்கூடக் காட்டுவார்கள். பசை என்ன என்று கேட்டுப் பாருங்கள், 'நல்ல பேஸ்ட்தான் சார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பேஸ்ட்தான்! சில இடங்களில் பாத்ரூம் கண்ணாடிக்கு அடிக்கும் சிலிக்கானை அடிக்கிறார்கள். நல்ல பசை வாங்குகிற சில கடைகளில் தேதி முடிந்த ட்யூப் இருக்கும். பசைக்கும் காலாவதி தேதி உண்டு, ட்யூபிலேயே அச்சடித்திருக்கும். தேதியும் பெயரும் சரியாக இருந்தால், நேரத்தில் கோட்டை விடுவார்கள். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறும், அதுவும் ட்யூபிலோ அதனோடு வரும் தாளிலோ இருக்கும். ஒரு மணி நேரத்தில் எடுக்கக்கூடிய பசைகளும் உண்டு, விலை கூடுதல். உங்கள் வண்டிக்குப் போட்டது அதுதானா? கேட்டால் கடைக்காரர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார். ஓரத்தில் ஒட்டிய டேப்பை ஒரு நாள் எடுக்காதீர்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள், ஜன்னலை ஒரு விரல் இறக்கி வையுங்கள், வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பக்கூட அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. கதவை அறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று இன்னும் இறுகாத பசையைத்தான் தள்ளும்.

சரி, உங்கள் விஷயம். முதலில் ஒழுகுவது கண்ணாடியிலிருந்துதானா என்று உறுதி செய்யுங்கள். ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்தாலும், வைப்பருக்குக் கீழே வேப்பிலை சேர்ந்து வடிகால் அடைத்தாலும் கால் வைக்கும் இடம் நனையும். காருக்குள் ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே ஒருவர் ஹோஸில் அழுத்தம் இல்லாமல், கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து மேலே போய்க்கொண்டே தண்ணீர் விடட்டும். சொட்டு விழும் இடத்தை வீடியோ எடுங்கள், கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், இத்தனாம் தேதிக்குள் சரி செய்து தரவும் என்று எழுதியும் கேளுங்கள்.

மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பில் இல்லை என்று பயப்படாதீர்கள். ஜிபே-யில் போன பணம், வாட்ஸ்அப் பேச்சு, அந்த வீடியோ மூன்றும் சாட்சி. பில் தராததையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது, அதையும் புகாரில் சேருங்கள். போன இரண்டு நாள் சவாரியையும் மறக்காமல் கேளுங்கள்.

கண்ணாடி உடைந்ததும் வெளியில் மாற்றிவிட்டு, பழைய கண்ணாடியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, இன்சூரன்ஸில் கேட்டேன். மறுக்கிறார்கள். தேய்மானமே கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி சார்! – சென்னை வாசகர்

பார்க்க வேண்டியதைக் காயலான் கடையில் போட்டுவிட்டு எதைக் காட்டிக் கேட்கிறீர்கள்? உடைந்த உடனே தகவல் சொல்ல வேண்டும், அவர்கள் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும், பாலிசியில் எழுதியிருக்கிறது. இதில் இன்னும் எரிச்சல் என்னவென்றால், கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதே இல்லை, சாதாரண முழுக் காப்பீட்டிலேயே. 1500 சிசி வரையுள்ள காருக்கு உங்கள் கையிலிருந்து போகும் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய்தான். கூடுதல் பணம் கட்டி வாங்கிய பம்பர் டு பம்பர் இந்த இடத்தில் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கவே இருக்காது.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளெய்ம் செய்வதற்கு முன்னால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் இல்லாத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, எவ்வளவு போகும் என்று கேளுங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதத்துக்கு வந்தவர், ஐயாயிரம் ரூபாய்க் கண்ணாடிக்காக அதை இழப்பது சில சமயம் நஷ்டக் கணக்கு.

புதுக் கண்ணாடியோடு கறுப்பு ஃபிலிமும் ஒட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். ஒட்டலாமா? – மதுரை வாசகர்

முன் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும். அந்தக் கறுப்பில் வராது. அபராதம் கடைக்காரர் கட்டுவாரா?

கண்ணாடி நடுவில் கேமரா உள்ள கார். லேன் விட்டு விலகினால் சத்தம் போடும். ஷோரூமில் 38,000, வெளியில் 21,000. வெளியில் போடலாமா? – சேலம் வாசகர்

விலைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: மாற்றிய பிறகு கேமராவை காலிபரேட் செய்வீர்களா, அதாவது அதன் பார்வையைத் திரும்பச் சரியாக அமைத்துத் தருவீர்களா? கேமரா கண்ணாடி வழியாகத்தான் ரோட்டைப் பார்க்கிறது. புதுக் கண்ணாடியில் அது அரை டிகிரி தள்ளி உட்கார்ந்தாலும் தூரத்தில் இருக்கும் லாரியின் இடம் தப்பாகிவிடும். 'அதெல்லாம் ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்' என்று பதில் வந்தால் ஷோரூமுக்கே போய்விடுங்கள். சில மாடல்களில் ஓட்டியபடியே செட் செய்வதும் உண்டுதான், ஆனால் அதற்கும் கணினியை மாட்டித் தொடங்க வேண்டும். வெளிக் கடையில் அந்தக் கருவி இருந்து, பில்லில் 'காலிபரேஷன்' என்று தனி வரி எழுதித் தந்தால் 17,000 ரூபாயை மிச்சம் பிடியுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் கார்க் கண்ணாடியை எங்கே மாற்றினீர்கள்? – பெயர் எழுதாத வாசகர்

மேலே சொன்ன ரெசின் கிட் கதைக்கு அடுத்த நாள், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில். பசையின் பெயர் கேட்டேன், தேதி பார்த்தேன், வண்டியை ராத்திரி அங்கேயே விட்டேன், எல்லாம் எழுதிய பில் வாங்கினேன். இப்போது பெருமழை பெய்தால் வலது மேல் மூலையில் ஒரு சொட்டு இறங்குகிறது. பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கடை இருந்த இடத்தில் போன வருடம் பிரியாணிக் கடை வந்துவிட்டது.