ஒரு நாளில் டெல்லி: பட்டியலில் பத்து இடம், உள்ளே போவது எத்தனை?

கேள்வி: மதுரையிலிருந்து ஆறு பேர் பிப்ரவரியில் டெல்லி போகிறோம். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி, பிள்ளைகளுக்கு 12, 9 வயது. ஞாயிறு இரவு போய்ச் சேருவோம். திங்கள் டெல்லி, செவ்வாய் ஆக்ரா, புதன் காலை விமானம். ‘கைடுடன் முழுநாள் டெல்லி’ என்று டிராவல்ஸ்காரர் பத்து இடங்களை எழுதி அனுப்பியிருக்கிறார்: செங்கோட்டை, ஜாமா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் மாளிகை, ஹுமாயூன் கல்லறை, தாமரைக் கோயில், குதுப் மினார், அக்ஷர்தாம். இதெல்லாம் ஒரே நாளில் முடியுமா? அட்வான்ஸ் கட்டலாமா?

பதில்: அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் கிழமையை மாற்றுங்கள். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் மூன்றுக்கும் திங்கள்கிழமை விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் திங்கள் ஆக்ரா, செவ்வாய் டெல்லி என்று திருப்பிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது. முதல் நாளே ஆக்ரா என்பது பெரியவர்களுக்குக் கொஞ்சம் அலுப்புதான். ஆனால் பிப்ரவரி முற்பாதியில் விடிகாலைப் பனிமூட்டம் இருக்கலாம் என்பதால் எப்படியும் ஏழு மணிக்கு மேல் கிளம்புவதே நல்லது. வண்டியிலேயே மூன்றரை, நான்கு மணி நேரம் தூங்கிக்கொண்டு போகலாம். திங்கள் விடுமுறை தெரியாமல் எந்த டிராவல்ஸ்காரரும் பட்டியல் போடுவதில்லை. ‘விசிட்’ என்று மூன்று எழுத்தில் எழுதிவிட்டு, கோட்டைச் சுவரை ரோட்டிலிருந்து காட்டிவிட்டுப் போவதற்கு அந்த ஒரு சொல் போதும்.

ஆகவே முதல் வேலை, அந்தப் பத்து இடங்களுக்கும் எதிரே ‘டிக்கெட் எடுத்து உள்ளே’ அல்லது ‘வெளியிலிருந்து மட்டும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவர் மாளிகையும் எப்படியும் வண்டியில் இருந்தபடியே பார்ப்பதுதான். மாளிகைக்குள் போக அதன் இணையதளத்தில் முன்பதிவு வேண்டும். அங்குள்ள அம்ரித் உத்யான் தோட்டம் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் பொதுமக்களுக்குத் திறக்கும், கட்டணம் கிடையாது. ஆனால் அதற்கே அரை நாள் போய்விடும்.

டெல்லியில் வாடகை வண்டிக்கு வழக்கமான கணக்கு எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர். செங்கோட்டை வடக்கே, குதுப் மினார் தெற்கே. நடுவில் இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை. இந்த ஓட்டத்துக்கு எண்பது கிலோமீட்டர் தாராளம், ஆனால் நேரம் போதாது. சிக்னல், பார்க்கிங், வண்டி வரும்வரை காத்திருப்பது என்று மூன்று மணி நேரம் ரோட்டிலேயே போகும். மிச்சம் ஐந்து மணி நேரத்தில் சாப்பாட்டை வேறு கழித்துவிட்டுப் பத்து இடத்துக்குப் பங்கு போட்டால், ஓர் இடத்துக்கு அரை மணி நேரம்கூடத் தேறாது. பாதுகாப்புச் சோதனை வரிசைக்கே அது சரியாகப் போகும். எனவே நான்கு இடம் உள்ளே, மூன்று இடம் வெளியே. அதற்கு மேல் வேண்டாம். அக்ஷர்தாமைத் தயங்காமல் வெட்டுங்கள். அங்கே போன், கேமரா, பை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து வெளியே வர முடியாது. தாமரைக் கோயிலும் இந்த முறை வேண்டாம். வெளியில் அழகு, ஆனால் வரிசையும் நடையும் அதிகம்.

கைடு விஷயத்துக்கு வருவோம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற கைடுகளிடம் போட்டோவுடன் அடையாள அட்டை இருக்கும். பெயர், மொழி, செல்லுபடியாகும் தேதி மூன்றையும் அட்டையில் பாருங்கள். தமிழ் பேசும் கைடுகள் டெல்லியில் குறைவு. ‘தமிழ் கைடு’ என்று எழுதி வாங்காவிட்டால், வண்டி ஓட்டுபவரே நான்கு தமிழ்ச் சொல் தெரிந்த கைடாகவும் மாறிவிடுவார். டிரைவர் நினைவுச்சின்னத்துக்குள் வர மாட்டார், வெளியே வண்டியோடுதான் நிற்பார். கட்டணம் கேட்கும்போது நான்கை உறுதிசெய்யுங்கள்: கைடு எத்தனை மணி நேரம், நுழைவுச் சீட்டு சேர்த்தா சேர்க்காமலா, பார்க்கிங்கும் டிரைவர் பேட்டாவும் யார் தலையில், கடைக்குக் கூட்டிப்போவது உண்டா. கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘அரசு எம்போரியம், பத்து நிமிஷம்’ என்று கம்பளக் கடையில் இறக்கிவிட்டால் முக்கால் மணி நேரம் போச்சு. கைடுக்கும் டிரைவருக்கும் அங்கே கமிஷன். ‘கடை நிறுத்தம் இல்லை’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால், அன்றைய மாலையில் ஒரு முழு நினைவுச்சின்னமே மிச்சமாகும். புதுடெல்லி ரயில் நிலையத்தைச் சுற்றி அரசு சுற்றுலா அலுவலகம் போலவே பலகை மாட்டியிருக்கும் தனியார் கடைகளிலும் எதையும் புக் செய்யாதீர்கள்.

காலையில் எந்த இடம் முதலில் என்பதில்தான் பெரும்பாலான டூர்கள் தவறுகின்றன. எட்டு மணிக்குள் ஜாமா மசூதியில் இருங்கள். ஷாஜகான் கட்டி 1656-ல் முடித்தது. முப்பதுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அம்மா ஒவ்வொரு படியாக ஏற அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது, வெயிலும் இருக்காது. செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் எல்லோரும் சாக்ஸ் போட்டு வாருங்கள். கல் காலையில் சில்லென்றும் மதியம் சுடச்சுடவும் இருக்கும். முழங்கால் தெரியும் உடை வேண்டாம். நண்பகல் தொழுகையை ஒட்டிச் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விட மாட்டார்கள். பத்து மணிக்குக் கிளம்பிச் சாவகாசமாக வருபவர்கள் படிக்கட்டிலேயே நின்று திரும்புவது இதனால்தான்.

அங்கிருந்து சாந்தினி சௌக். செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி ஃபதேபுரி மசூதி வரை ஒன்றேகால் கிலோமீட்டர் சொச்சம். காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, சைக்கிள் ரிக்‌ஷாதான். ஒரு ரிக்‌ஷாவில் இரண்டு பெரியவர்கள் வசதியாக உட்காரலாம். ஆக உங்களுக்கு மூன்று. ஏறுவதற்கு முன் கைடு மூலமாகப் பேசுங்கள்: தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் ரிக்‌ஷாவுக்கு இவ்வளவு என்று, போக மட்டுமா, போய்த் திரும்பவா என்பதையும் சேர்த்து. சண்டை வருவதெல்லாம் இந்த இரண்டில்தான். வழியில் சீஸ் கஞ்ச் குருத்வாரா வரும். 1675-ல் சீக்கியர்களின் ஒன்பதாம் குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்ட இடம். கடைகள் பத்தரை, பதினொன்றுக்குத்தான் முழுதாகத் திறக்கும். பெரியவர்களோடு வரும்போது அது குறையே இல்லை, தெரு மூச்சு விடும் நேரம் அதுதான். மசாலா வாசம் வேண்டுமென்றால் ஃபதேபுரிக்குப் பின்னால் காரி பாவலியில் ரிக்‌ஷாவை விட்டு இறங்காமல் ஒரு சுற்று. கழிப்பறை இந்தப் பகுதியில் சரியாக இருக்காது, ஹோட்டலிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பராத்தா சந்தில் பராத்தாவைக் கல்லில் சுட மாட்டார்கள், நெய்ச் சட்டியில் பொரித்தெடுப்பார்கள். அன்று முழுக்கச் சுற்ற வேண்டியவர்கள் இரண்டு பேருக்கு ஒன்று வாங்கி ருசி பார்த்தால் போதும்.

செங்கோட்டை காலை 9.30-க்குத் திறக்கும். லாகோரி வாசல் வழியாக நுழைந்து, சத்தா சௌக் கடைவீதியைத் தாண்டி, பொது தர்பார் மண்டபமான திவானி ஆம், அரசரின் தனி தர்பாரான திவானி காஸ் என்று நேர்கோட்டில் போய் வர ஒன்றரை மணி நேரம். முழுக்க நடைதான், ஆனால் படி குறைவு. மயிலாசனம் இருந்த திவானி காஸை எல்லாக் கைடும் காட்டுவார்கள். 1945-46-ல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளை வெள்ளையர் அரசு விசாரித்தது இந்தக் கோட்டைக்குள்தான் என்பதை நீங்களே கேட்டால்தான் சொல்வார்கள். ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதான முதல் வழக்கு நாட்டையே உலுக்கியது. நேதாஜியின் படையில் மலாயாத் தமிழர் ஏராளமாகச் சேர்ந்தவர்கள். தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது வீட்டுக் கதை. கோட்டைக்குள் நேதாஜி அருங்காட்சியகம் 2019-ல் திறக்கப்பட்டது. நேரம் போதாவிட்டால் கடைவீதியைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

கோட்டையை விட்டு வெளியே வரும்போது வண்டி பக்கத்தில் இருக்காது. எந்த இடத்தில் ஏறுவது என்று இறங்கும்போதே டிரைவரிடம் பேசி, வெளியே வருவதற்கு இருபது நிமிடம் முன்பாகப் போன் செய்யுங்கள். இன்னொன்று: டெல்லி டாக்ஸிகள் பெரும்பாலும் சிஎன்ஜி. கேஸ் போடும்போது எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும், வரிசை நீளமாக இருந்தால் அரை மணி நேரம் ஆகும். ‘கேஸ் நிரப்பிக்கொண்டு வாருங்கள்’ என்று முந்தைய இரவே சொல்லிவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கன்னாட் பிளேஸ். தென்னிந்தியச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்தால் இடம் கிடைக்கும். பிறகு கர்த்தவ்ய பாதை, குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து இந்தியா கேட் வரை போகும் சாலை. 1911 டிசம்பரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்து, இருபது ஆண்டு கட்டி, 1931-ல் திறந்த புதுடெல்லி இதுதான். வைஸ்ராய் மாளிகையாக லட்யன்ஸ் வடிவமைத்ததுதான் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை. இரு பக்கமும் நிற்கும் செயலகங்கள் ஹெர்பர்ட் பேக்கருடையவை. 2023-ல் திறந்த புதிய நாடாளுமன்றம் அருகிலேயே. வண்டியை நிறுத்த விட மாட்டார்கள், மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இந்தியா கேட்டில் இறங்கி, அதை ஒட்டியிருக்கும் தேசியப் போர் நினைவிடத்துக்குள் போங்கள். கட்டணம் இல்லை. 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகளில் 1987-ல் இலங்கையில் இந்திய அமைதிப் படையில் போரிட்டு இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இரண்டரைக்கு ஹுமாயூன் கல்லறை. முந்தைய நாள் தாஜ்மகால் பார்த்திருப்பீர்கள், அதனால் இது இன்னும் நன்றாகப் புரியும். நான்காகப் பிரித்த தோட்டம், உயர்ந்த மேடை, நடுவில் குவிமாடம் என்று தாஜின் அடிப்படை எல்லாம் எண்பது ஆண்டு முன்பே இங்கே இருக்கிறது. மேடைக்கு ஏறும் படிகள் உயரமானவை, செங்குத்தானவை. அம்மா ஏற வேண்டாம். தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாலே கட்டடம் முழுதாகத் தெரியும். ஒரே ஒரு முகலாயக் கட்டடத்துக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் செங்கோட்டையை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம்.

கடைசியாகக் குதுப் மினார். நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் மாலை நெரிசலுக்கு முன் போய்ச் சேர முடியும். 72.5 மீட்டர் கோபுரம். 1981-ல் உள்ளே நெரிசலில் பலர் இறந்த பிறகு ஏற அனுமதி இல்லை. ஏற்றிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இரும்புத் தூண் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது. சந்திரன் என்ற அரசனைப் புகழும் சமஸ்கிருதக் கல்வெட்டு, பிராமி எழுத்தில், இரும்பிலேயே வெட்டியிருக்கிறது. 1,600 ஆண்டு மழையில் நின்றும் இது ஏன் அரித்துப் போகவில்லை என்று கைடிடம் கேளுங்கள். ‘அந்தக் காலத்து ரகசியம்’ என்று மழுப்பினால், பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள்: அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படிந்து, துரு உள்ளே இறங்காமல் தடுக்கிறது. ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியவர். முதுகைக் கொடுத்துத் தூணைக் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று ஆட்கள் தேய்த்ததால்தான் இப்போது சுற்றிலும் வேலி.

டிக்கெட்டை தொல்லியல் துறையின் இணையதளத்தில் முன்னரே எடுங்கள். குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் இந்தியருக்கு ஆன்லைனில் 35 ரூபாய், நேரில் 40. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு இலவசம் என்பதால் பிள்ளைகளின் ஆதாரை எடுத்துப் போங்கள். உங்களோடு இலங்கை உறவினர் யாராவது வந்தால், பாஸ்போர்ட்டைக் காட்டினால் அவர்களுக்கும் இந்தியர் கட்டணம்தான். மலேசியா, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம்.

குதுப்பிலிருந்து இருட்டும் நேரத்தில் வடக்கே திரும்புவது ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். எட்டு மணி நேரக் கணக்கும் அப்போதே தாண்டியிருக்கும். கூடுதல் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு என்பதையும், ஹோட்டல் வாசலிலிருந்து கணக்கா, டிரைவரின் ஷெட்டிலிருந்து கணக்கா என்பதையும் அட்வான்ஸ் போடும் அன்றே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.