கூடு ஏரியில், இரை வயலில்

வணக்கம் ஐயா,

பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வேடந்தாங்கல் போயிருந்தேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. ஏரியில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வாத்து ஒன்றுகூட இல்லை. மரங்களில் நாரைகள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். மகளுக்கு ஏமாற்றம். டிசம்பரிலேயே போயிருக்க வேண்டுமோ? ஒரு நாள் முழுக்கப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

— ஒரு வாசகர், தாம்பரம்

அன்புள்ள நண்பருக்கு,

மாசியில் போனது சரிதான். வெயில் ஏறியபின் போனதும், ஏரிக்கரையோடு திரும்பிவிட்டதும்தான் குறை.

சும்மா நிற்பதாக நீங்கள் எழுதிய நாரையை அடுத்த முறை பைனாகுலரில் பாருங்கள். உச்சி வெயிலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி, இறக்கைகளைப் பாதி விரித்து நிற்கும். கீழே குஞ்சுகள் அந்த நிழலில் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் நகர நகர அதுவும் மெல்லத் திரும்பிக்கொள்ளும். மணிக்கணக்காக அது செய்யும் வேலை இது. நத்தைகுத்தி நாரைகளின் அலகையும் கவனியுங்கள். வளர்ந்தவற்றுக்கு அலகின் நடுவே சந்து தெரியும், இளசுகளுக்கு இருக்காது. எது இந்த வருஷத்துப் பிள்ளை என்று மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். அத்தனை பறவைக்கும் அதில் இரை கிடைக்காது. தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பயமில்லாமல் கூடு கட்டலாம் என்பதற்காகவே அவை அங்கே கூடுகின்றன. இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும்தான் போக வேண்டும். ஆகவே விடிவதற்குள் கரைக்குப் போய்விடுங்கள். கூட்டம் எந்தத் திசையில் கிளம்புகிறதோ அந்தப் பக்கமே வண்டியை விடுங்கள். உழுது தண்ணீர் கட்டிய வயல் கண்ணில் பட்டால் நிறுத்தி, வரப்பிலிருந்தே பாருங்கள். நத்தைகுத்தி நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுப்பதைப் பார்க்க வயலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பிறகு பக்கத்திலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள், பத்து கிலோமீட்டர்தான். உங்கள் மகள் தேடிய ஊசிவால் வாத்தும் நீலச்சிறகி வாத்தும் வடக்கே கிளம்பாமல் இருந்தால், அங்கேதான் கண்ணில் பட வாய்ப்பு அதிகம். தண்ணீர் இறங்கியதற்கு வருத்தப்பட்டீர்களே, சேறு தெரியத் தொடங்கினால், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளுக்கு அதுதான் பந்தி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி வேடந்தாங்கல் கரைக்கு வந்துவிட்டால், காலையில் போனவை வரிசை வரிசையாகத் திரும்புவதைப் பார்க்கலாம்.

வேடந்தாங்கல் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளையும் என்பது அவர்கள் கண்ட உண்மை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். சரணாலயத்தின் எல்லை ஏரியோடு முடியாமல் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை போவதும் இதனால்தான் முக்கியம். 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை வந்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. ஏரியை மட்டும் வைத்துக்கொண்டு வயலையும் சிற்றேரிகளையும் விட்டுவிட்டால், குஞ்சுக்கு இரை எங்கிருந்து வரும்?

இதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். போகிற வழியில் பெயர் தெரியாத ஏரியில் நின்றால், ஊர்க்காரரிடம் பெயர் கேட்டு, அங்கே பார்த்த பறவைகளை ஈபேர்டில் (eBird, யார் வேண்டுமானாலும் பறவைகளைப் பதிவு செய்யக்கூடிய இணையதளம்) ஏற்றிவிடுங்கள். நாலு கொக்கும் ஒரு நாமக்கோழியும்தான் என்றாலும் சரி. எல்லையைச் சுருக்கும் பேச்சு மறுபடி எழுந்தால், அந்த ஏரிக்காக எடுத்துக் காட்ட ஒரு பதிவாவது இருக்கும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். சித்திரை வெயிலுக்கு முன்னால் இன்னொரு முறை போய்விட்டு எழுதுங்கள்.

அன்புடன்.