ஒரே விலை, பாதிச் சரக்கு: கேம் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தங்கள் பற்றிக் கேள்வி பதில்

அருண்: அண்ணா, எக்ஸ்க்ளூசிவ் என்றாலே வாங்குபவருக்கு நஷ்டம்தானே?

இல்லை தம்பி. ஒரு கேமோ அதன் ஒரு பகுதியோ ஒரே கன்சோலில் அல்லது ஒரே கடையில் மட்டும் கிடைப்பதுதான் எக்ஸ்க்ளூசிவ். பணம் போட்டு ஒரு கேமை உருவாக்குவது வேறு, உருவான கேமில் ஒரு பகுதியைப் பணம் கொடுத்துப் பூட்டி வைப்பது வேறு. பயோனெட்டா 2-க்கு நின்டெண்டோ பணம் போட்டது. 2014-இல் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு மட்டும் வந்தது. முதல் பாகத்தை பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஆடியவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் அந்தப் பணம் இல்லையென்றால் ஆடுவதற்குக் கேமே இருந்திருக்காது. எனக்கு எரிச்சல் இரண்டாவது வகை மீதுதான்.

பிரியா: இரண்டாவது வகைக்கு ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

டெஸ்டினி. 2014 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் 60 டாலர் என்று ஒரே விலையில் வந்தது. ஆனால் ஹாக்மூன், மான்டே கார்லோ என்ற இரண்டு துப்பாக்கிகள், டஸ்ட் பேலஸ் என்ற ஸ்ட்ரைக் (கூட்டாக ஆடும் பணி), எக்ஸோடஸ் ப்ளூ என்ற மேப் (மோதும் களம்) எல்லாம் பிளேஸ்டேஷன்காரர்களுக்கு மட்டும். "குறைந்தது 2015 இலையுதிர் காலம் வரை" என்றார்கள். அந்த "குறைந்தது" என்பதைக் கவனியுங்கள், வாங்கும்போது கெடுவே உறுதியாகத் தெரியாது. கெடு முடியும் சமயத்தில் தி டேக்கன் கிங் என்ற கூடுதல் பாகம் வந்தது. அதிலும் ஒரு பங்கை 2016 இலையுதிர் காலம் வரை பூட்டி வைத்தார்கள்.

டெஸ்டினியில் ஆட்களை இழுப்பதே நல்ல துப்பாக்கி கிடைக்கும் என்ற ஆசைதான். அதில் இரண்டை எடுத்துவிட்டு முழு விலை வாங்கினால், எக்ஸ்பாக்ஸில் வாங்கியவருக்கு அது நேரடி நஷ்டம். பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனி கொடுத்த பணத்தால் அவருக்கு ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

செந்தில்: ஒரு வருஷம் பொறுத்தால் கிடைத்துவிடுமே சார், என்ன அவசரம்?

கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2019 அக்டோபரில் வந்தது. அதன் ஸ்பெக் ஆப்ஸ் சர்வைவல் என்ற மோடு பிளேஸ்டேஷனுக்கு மட்டும், 2020 அக்டோபர் வரை. அடுத்த கால் ஆஃப் டியூட்டி வந்ததோ 2020 நவம்பர் 13-இல். அதாவது மற்றவர்களுக்கு அந்த மோடு கிடைத்தபோது, நண்பர்கள் கூட்டம் அடுத்த கேமுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஆன்லைன் கேமில் ஆள் இருக்கும்போது கிடைத்தால்தான் உபயோகம். கதை கேம் என்றால் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அது பழசாகாது.

இம்ரான்: சோனியை மட்டும் குத்துகிறீர்களே. எக்ஸ்பாக்ஸ் ரசிகரா?

எக்ஸ்பாக்ஸை விற்கும் மைக்ரோசாஃப்ட் மட்டும் யோக்கியமா என்ன? ஜிடிஏ 4-இன் இரண்டு கூடுதல் எபிசோடுகளுக்கு 5 கோடி டாலர் கொடுத்தது. 2009-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தவை, பிளேஸ்டேஷன் 3-க்கும் பிசிக்கும் 2010 ஏப்ரலில்தான் வந்தன. கால் ஆஃப் டியூட்டி மேப்புகள் பல ஆண்டுகள் எக்ஸ்பாக்ஸில்தான் முதலில் வரும். 2015-இல் பிளாக் ஆப்ஸ் 3 சமயத்தில் அந்தச் சலுகை சோனி கைக்கு மாறியது. அன்று எதிர்த்தவர்கள் அமைதியானார்கள், அமைதியாக இருந்தவர்கள் கொதித்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

தீபக்: பிசியில் எபிக் ஸ்டோர் செய்தது? அதற்குப் புதுக் கன்சோல் வாங்க வேண்டாமே.

அதனால்தான் அதை நான் சின்னத் தொல்லையில் சேர்க்கிறேன். மெட்ரோ எக்ஸோடஸ் கேம், ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் முன்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, 2019 ஜனவரியில் போட்டிக் கடையான எபிக்கிற்கு மாறியது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கொடுத்துவிட்டார்கள். விற்பனைத் தொகையில் அப்போது ஸ்டீம் பொதுவாக 30 சதவீதம் எடுத்தது, எபிக் 12. அமெரிக்காவில் அந்த கேமின் விலை 60 டாலரிலிருந்து 50 ஆனது. மிச்சத்தில் வாங்குபவருக்கும் பங்கு கிடைத்தது, இது அபூர்வம்.

ஃபீனிக்ஸ் பாயிண்ட் என்ற கேமின் விஷயம் வேறு. மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி, ஸ்டீமில் தருவதாகச் சொல்லிவிட்டு எபிக் பக்கம் போனார்கள். கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள், சரி. ஆனாலும் அது வாக்குத் தவறியதுதான்.

நித்யா: கம்பெனியையே வாங்கிவிட்டால் ஒப்பந்தமே வேண்டாமே?

வேண்டாம்தான். கால் ஆஃப் டியூட்டியை வெளியிடும் ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு வாங்க முயன்றபோது சண்டையே அதைப் பற்றித்தான். கால் ஆஃப் டியூட்டி பிளேஸ்டேஷனிலிருந்து போய்விடும் என்று சோனி வாதாடியது. பல வருஷம் அதே கேமின் உள்ளடக்கத்தைக் காசு கொடுத்துப் பிரித்து வைத்த நிறுவனம் அப்படிப் பேசியதைக் கேட்டு நான் சிரித்தேன். நின்டெண்டோ உட்படச் சிலருக்கு 10 ஆண்டு உறுதிமொழி கொடுத்து, 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்தது.

அருண்: கடைசியாக ஒன்று அண்ணா. வீட்டில் இரண்டு கன்சோலும் இருக்கிறது. கூடுதல் உள்ளடக்கம் உள்ள பதிப்பையே வாங்கட்டுமா?

நண்பர்கள் எதில் ஆடுகிறார்களோ அதில் வாங்கு. மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸில் ஸ்பைடர்மேன் பிளேஸ்டேஷனுக்கு மட்டும் என்று 2020-இல் அறிவித்தார்கள். அவர் வந்து சேர்ந்தது 2021 நவம்பரில், கேம் வெளியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. 2023 செப்டம்பரில் அந்த கேமையே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.