இரண்டு முறை ஃபார்மேட் செய்தும் நீலத்திரை

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினி (விண்டோஸ் 11) இரண்டு மாதங்களாக நாளுக்கு மூன்று நான்கு முறை நீலத்திரை காட்டித் தானாகவே மறுபடி தொடங்குகிறது. இரண்டு முறை ஃபார்மேட் செய்தும் பயனில்லை. கூடுதலாக ஒரு 8 ஜிபி ரேம் பொருத்தியதைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை. புதிய கணினி வாங்கிவிட வேண்டியதுதானா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். போகிற போக்கில் தாங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த ரேம்தான் என் முதல் சந்தேகம். ஃபார்மேட் செய்வதைச் சர்வரோக நிவாரணியாகக் கருதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஆனால் நினைவகம் (அதாவது ரேம்) பழுதாக இருந்தால், புதிதாகப் பதியும் விண்டோஸும் அதே பழுதான நினைவகத்தின் வழியாகத்தான் வட்டுக்குச் சென்றாக வேண்டும் என்பதால், பதியும்போதே சில கோப்புகள் சிதைந்துவிடக்கூடும்.

முதலில், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் 'ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி' என்பதைத் திறந்து, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற குறியை நீக்கிவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். அதிலுள்ள பிழைப்பெயரை எழுதிவைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்தால் நினைவகத்தின் மீதான சந்தேகம் வலுக்கும். ஒரே டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோப்பின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைப் புதுப்பிப்பதோ பழைய பதிப்புக்குத் திரும்புவதோ முதல் வேலை. விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைக் கண்டு பலர் மின்சாரக் கோளாறு என முடிவுகட்டிவிடுகிறார்கள். கணினி முறைப்படி நிறுத்தப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

அடுத்து, கணினியை நிறுத்தி மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டபின் புதிய ரேமைக் கழற்றுங்கள். பழைய ரேமுடன் மட்டும் இரண்டு மூன்று நாட்கள் தொல்லையின்றி ஓடினால் குற்றவாளி ஏறக்குறைய அகப்பட்டுவிட்டது. பிறகு புதியதை மட்டும், பழையது இருந்த அதே இடத்தில், ஓரக் கொக்கி டக்கென்று பூட்டிக்கொள்ளும் வரை அழுத்திப் பொருத்தி, மெம்டெஸ்ட்86 மென்பொருளை யுஎஸ்பியிலிருந்து இயக்கி இரவு முழுவதும் சோதிக்க விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் ஆகாது. தனித்தனியே இரண்டும் தேறி, சேர்ந்திருக்கும்போது மட்டும் தகராறு செய்தால், வேகம் பொருந்தாத இணையாக இருக்கலாம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

நீலத்திரையே வராமல் பட்டென்று அணைந்திருந்தால், விசிறித் தூசி, பிராசசரின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருப்பது, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். தங்கள் நிலை அதுவன்று.

பழுது தீரும் வரை முக்கியமான கோப்புகளை இந்தக் கணினியில் திருத்திச் சேமிக்காதீர்கள். தீர்ந்தபின் மூன்றாம் முறையாக ஒரு ஃபார்மேட் தேவைப்படலாம். அது இம்முறை வீண்போகாது. ரேமின் ரசீதையும் தேடி எடுங்கள்: பல நிறுவனங்கள் ரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் அளிக்கின்றன.