தாத்தாவின் வாளில் இருப்பது போலிக் கையொப்பமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ராணுவத்தில் இருந்த தாத்தா, 1945-இல் போர் முடிந்ததும் கொண்டுவந்த ஜப்பான் வாள் பரணில் கிடந்தது. பிடியைக் கழற்றிப் பார்த்தால் ‘கொதெட்சு’ என்று ஒரு வாள்கொல்லரின் கையெழுத்து. படத்தைப் பார்த்தவர் போலி என்கிறார். பரணில் கிடந்த வாளுக்கு யார் வந்து போலிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?”

பரணுக்கு யாரும் வரவில்லை. போலி என்றால், தாத்தா பிறப்பதற்கு முன்பே கூட அது வெட்டப்பட்டிருக்கலாம். இதற்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் ‘கிமெய்’, அதாவது பொய்ப்பெயர். சேகரிப்பாளர்களிடம் பழகிப்போன சொல்.

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) வாள் பெரிய இடத்துப் பரிசு. வாரிசு பட்டமேற்றால் வாள், திருமணம் என்றால் வாள். பரிசுக்குப் பெயர் வேண்டும். பெயர் பெற்ற கொல்லர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இன்னொரு பக்கம், கையொப்பம் இல்லாத நல்ல பழைய வாள்கள் நிறையக் கிடந்தன. 16-ஆம் நூற்றாண்டில் வாள் அணியும் முறை மாறியபோது நீளமான பழைய வாள்களை அடிப்பக்கம் வெட்டிக் குட்டையாக்கினார்கள். கையொப்பம் இருப்பதும் அங்கேதான், பிடிக்குள் செருகியிருக்கும் ‘நகாகோ’ என்ற பகுதியில். வெட்டும்போது பெயரும் போயிற்று. அப்புறம் என்ன, அனாதையாக நின்ற வாளுக்கு ஒரு பெரிய தகப்பன் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

நேர்மையான வழியும் இருந்தது. ஹொன்அமி என்ற மதிப்பீட்டாளர் குடும்பம், பெயரில்லாத வாளை இன்னார் செய்தது என்று கணித்தால் நகாகோவில் தங்கத்தில் பதித்துவிடும். அது மதிப்பீட்டாளர் கருத்து என்று பார்த்ததுமே தெரியும். அவர்கள் தந்த சான்றிதழுக்குப் பெயர் ‘ஓரிகாமி’. ஆம், நம் பிள்ளைகள் காகிதக் கொக்கு மடிக்கிற அதே சொல்தான். மடித்த தாள் என்று பொருள்.

உங்கள் கொதெட்சுவுக்கு வருவோம். ஜப்பானின் எச்சிசென் பகுதியில் கவசம் செய்துகொண்டிருந்து, நடுவயதுக்கு மேல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) வாள் அடிக்க வந்த 17-ஆம் நூற்றாண்டுக்காரர். இவர் பெயரைக் கண்டால் முதலில் போலி என்றே நினை என்பது அங்கே பாலபாடம். ஆரம்பத்தில் ‘பழைய இரும்பு’ என்று பொருள்படும் எழுத்துகளில் கையொப்பமிட்டார். பிறகு அதே ஒலிக்குப் புலி என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் புலியையும் முதலில் கடைசிக் கோட்டைச் சுழித்து விட்டும், பின்னாளில் பெட்டி மாதிரியும் வெட்டினார். போலி செய்தவர்கள் வழுக்குவது இங்கேதான்: வாள் ஒரு காலத்தைச் சொல்லும், புலி இன்னொரு காலத்தைச் சொல்லும்.

நீங்களே ஓரளவு பார்க்கலாம். ஜன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து எழுத்தின் பள்ளத்தைப் பாருங்கள். உளி இறங்கிய கோட்டின் ஓரத்தில் இரும்பு மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும். அசலில் பள்ளத்தின் துருவும் சுற்றியுள்ள துருவும் ஒரே நிறம், ஒரே வயது. பின்னால் வெட்டியதில் துருப்படலம் உடைந்திருக்கும், அல்லது ரசாயனத்தால் வரவழைத்த துரு செம்மையாகப் பொரிந்து நிற்கும். நன்றாகக் குட்டையாக்கிய வாளில் கையொப்பம் முழுசாக நடுவில் உட்கார்ந்திருந்தாலும் சந்தேகம்தான்.

இதற்காக அந்தத் துருவைத் தேய்த்துவிடாதீர்கள். எலுமிச்சை, உப்புத்தாள், பாலிஷ் எதுவும் வேண்டாம். வயதுக்கு முக்கியமான சாட்சி அது. நகாகோவில் சின்ன முத்திரை குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுப் போர்க்கால வாள், கொதெட்சு பேச்சே வேண்டாம்.

சரி, போலி என்றே வைத்துக்கொள்வோம். வாள் குப்பையா? இல்லை. பெயர்தான் பொய், எஃகு பொய்யில்லை. பெரிய பெயரைத் தாங்கும் அளவுக்கு நல்ல வாளைத் தேடித்தான் பலர் வெட்டினார்கள். 1948-இல் தொடங்கிய ஜப்பானிய கலை வாள் பாதுகாப்புச் சங்கம் பொய்ப்பெயருள்ள வாளுக்குச் சான்றிதழ் தராது. அதனால் சிலர் கையொப்பத்தை அழித்துவிட்டு, பெயரில்லாத வாளாக மறுபடி அனுப்புகிறார்கள். அவசரப்பட்டு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். போலி என்று ஒதுக்கியது பிற்பாடு அசல் என்று ஆனதும் உண்டு. அழித்ததைத் திரும்ப வெட்ட முடியாது. முதலில் நகாகோவின் இரு பக்கத்தையும், அலகின் முழு நீளத்தையும் தெளிவாகப் படமெடுத்து, வாளை விற்கவோ வாங்கவோ நினைக்காத ஒருவரிடம் காட்டுங்கள்.