ஏழாம் கான்ஸ்டன்டைன்: புத்தகங்களோடு ஆண்ட பேரரசர் பற்றிக் கேள்வி பதில்

பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்து ஆண்ட பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானிய, பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் (905–959) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: சார், சிறு வயதிலேயே முடிசூடியவர் நாற்பது வயதுக்குத்தான் ஆள ஆரம்பித்தாராமே. ஏன்?

பிறப்பிலேயே சிக்கல். அப்பா ஆறாம் லியோவுக்கு மூன்று திருமணம் செய்தும் வாரிசு நிலைக்கவில்லை. ஸோயி என்ற பெண்ணிடம் 905-ல் மகன் பிறந்ததும், அடுத்த ஆண்டு அவரையே மணந்துகொண்டார். நான்காவது திருமணத்தைத் திருச்சபை ஏற்கவில்லை. தலைமைக் குரு நிக்கோலஸ், பேரரசரையே தலைநகரின் பெரிய தேவாலயமான ஹாகியா சோபியாவுக்குள் விடவில்லை. 'அரண்மனையின் செவ்வூதாக் கல் அறையில் பிறந்தவர்' என்று, தன் பிறப்பு முறையானதுதான் எனக் காட்டும் பட்டத்தைக் கான்ஸ்டன்டைன் கடைசிவரை விடாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

908-ல் அப்பாவே துணைப் பேரரசராக முடிசூட்டினார். 912-ல் அப்பாவும், அவருக்குப் பின் ஆண்ட சித்தப்பா அடுத்த ஆண்டும் இறந்தபோது கான்ஸ்டன்டைன் சிறுவர். 919-ல் கடற்படைத் தலைவர் ரோமானோஸ் லெக்காபெனோஸ் அரண்மனைக்குள் புகுந்து, தன் மகள் ஹெலெனாவை இவருக்குக் கட்டிவைத்து, மறு ஆண்டு தானும் முடிசூடிக்கொண்டார். அப்புறம் மாமனார் ராஜ்ஜியம்தான், 944 வரை.

கேள்வி: அவ்வளவு வருடம் சும்மா இருந்தவரைக் கோழை என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. 944 டிசம்பரில் ரோமானோஸை அவருடைய மகன்களே பிடித்துத் தீவு மடத்துக்கு அனுப்பினார்கள். ஒரே மாதத்தில், 945 ஜனவரியில், கான்ஸ்டன்டைன் அந்த மைத்துனர்களையும் நாடு கடத்திவிட்டார். எப்போது அசைய வேண்டும் என்று தெரிந்தவர் அவர்.

கேள்வி: அவர் எழுதிய நூல்களில் எது முக்கியம் ஐயா?

பேரரசை நடத்தும் முறை பற்றித் தன் மகன் ரோமானோஸுக்காகத் (மாமனார் பெயரேதான் மகனுக்கும்) தொகுத்த நூலைத்தான் சொல்வேன். அண்டை இனங்களில் யாரை யாருக்கு எதிராக நிறுத்தலாம், யாருக்கு என்ன பரிசு பிடிக்கும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கீவ் பகுதியை ஆண்ட ரூஸ் இனத்து வணிகர்கள், இன்றைய உக்ரைன் வழியே ஓடும் தினீப்பர் ஆற்றில் இறங்கி வருவதை எழுதிய பகுதி அற்புதம். ஆற்றின் ஏழு பாறைத்தடைகளுக்கும் இரண்டு மொழிகளில் பெயர் தருகிறது. நான்காவது தடையில் சரக்கை இறக்கி, சங்கிலியிட்ட அடிமைகளைக் கரைவழியே நடத்திச் செல்வதும், பெச்சனெக் என்ற நாடோடி இனக் குதிரைவீரர்களுக்குப் பயந்து காவல் போடுவதும் அதில் இருக்கிறது. செர்பியர், குரோவாசியரின் ஆரம்பகால வரலாற்றை எழுத வருகிறவர்களும் இந்த நூலைத்தான் தேடுகிறார்கள்.

சடங்குகள் பற்றிய நூல், மாகாணங்கள் பற்றிய நூல், தாத்தா முதலாம் பசிலின் வரலாறு எல்லாம் தனி. பலவற்றில் உதவியாளர்களின் கையும் உண்டு. பழைய வரலாற்று நூல்களைப் பிரித்து 53 தலைப்புகளில் அடுக்கவும் ஏற்பாடு செய்தார். அதில் சிறு பகுதியே நமக்குக் கிடைத்திருக்கிறது. இருந்தாலும் ஐந்தாம் நூற்றாண்டில் ஹூணர் மன்னன் அத்திலாவின் கூடாரத்துக்குத் தூது போன வரலாற்றாளர் பிரிஸ்கஸின் நேரடி விவரிப்பு பிழைத்தது அதனால்தான். 'வெறும் தொகுப்பாளர்' என்று அவரை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

கேள்வி: கர்ஜிக்கும் சிங்கச் சிம்மாசனம் உண்மையா அண்ணா?

949-ல் இத்தாலியிலிருந்து தூது வந்த லியுட்பிராண்ட் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பொன்பூச்சு மரத்தில் பறவைகள் பாடின, சிங்கங்கள் கர்ஜித்தன. அவர் வணங்கி நிமிர்ந்தபோது சிம்மாசனம் கூரைவரை உயர்ந்திருந்தது, பேரரசர் வேறு உடையில் இருந்தார்.

கேள்வி: சாதாரண ஜனங்களுக்கு என்ன செய்தார்?

947-ல் ஒரு சட்டம் போட்டார். தன் தனியாட்சி தொடங்கிய பிறகு செல்வாக்குள்ளவர்கள் விவசாயிகளிடமிருந்து வாங்கிய நிலத்தை ஈடு கேட்காமல் திருப்பித் தர வேண்டும். குதிரைப்படை வீரனின் குடும்பம் 4 பவுண்டு பொன் மதிப்புள்ள நிலத்தை விற்காமல் காக்க வேண்டும் என்றும் வகுத்தார். வரியும் படையும் சிறு நிலக்காரனை நம்பித்தான் இருந்தன என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

கேள்வி: போரில் எப்படி?

அரபுகளிடமிருந்து கிரீட் தீவை மீட்க 949-ல் அனுப்பிய படை தோற்றது. கிழக்கு எல்லையில் முன்னேற்றம் உண்டு. 958-ல் யூப்ரடீஸ் ஆற்றங்கரை நகரமான சமோசாட்டா இவர் படையிடம் விழுந்தது. கிரீட்டை அவர் மகன் காலத்தில், 961-ல் மீட்டார்கள்.

கேள்வி: அவர் செய்ததில் உங்களுக்கு மிகவும் பிடித்தது?

ஸ்பெயினில் உள்ள கோர்தோபாவின் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு, மூலிகைகள் பற்றிப் பழைய கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிடிஸ் எழுதிய நூலின் படம் வரைந்த கிரேக்கப் பிரதியைப் பரிசாக அனுப்பினார். அங்கே கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. கலீபா ஆள் கேட்டதும் நிக்கோலஸ் என்ற துறவியை அனுப்பினார். அவரும் யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும் முஸ்லிம் மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து மூலிகைப் பெயர்களை அடையாளம் கண்டார்கள். மூன்று மதத்தார் ஒரே நூலின் முன் அமர்ந்த இந்த வேலையை எந்தப் போர் வெற்றிக்கும் மேலாக வைப்பேன்.

கேள்வி: கிரேக்க நெருப்பின் ரகசியத்தை எழுதி வைத்தாரா?

இல்லை. எதிரிக் கப்பல்கள் மேல் பீய்ச்சிய அந்தத் தீ ஆயுதத்தைப் பற்றி மகனுக்கு எழுதிய நூலில் பேசுகிறார், ஆனால் செய்முறை கிடையாது. வெளிநாட்டார் கேட்டால், 'ஒரு தேவதூதர் முதல் கிறிஸ்தவப் பேரரசருக்கு வெளிப்படுத்தியது, யாருக்கும் தரக்கூடாது என்று ஆணை' என்று சொல்லி மறுத்துவிடு என்கிறார். அரச உடை, மகுடம், அரச குலப் பெண் கேட்டாலும் இப்படியே மறுக்கத் தனித்தனிக் காரணங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்.